படத்துக்குள் மாட்டிக்கொண்ட எழுத்து

பார்வையற்ற நண்பர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய ஃபோன் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? நான் முதல்முறை கேட்டபோது ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை, குரல் அவ்வளவு வேகம். அவருக்கு அது பழகிய வேகம். எனக்காகப் பாதியாகக் குறைத்தார். ஃபேஸ்புக் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் பெயர், "மூன்று மணி நேரத்துக்கு முன்", "படம்", இத்தனை விருப்பங்கள், இத்தனை கருத்துகள். விரலைத் தள்ளினார். அடுத்த பெயர், மறுபடியும் "படம்". அடுத்து வந்தது என் பெயர்.

அது ஒரு கூட்ட அறிவிப்பு. நானே உட்கார்ந்து வடிவமைத்தது. தேதி, நேரம், இடம், யார் பேசுகிறார்கள் என்று எல்லாவற்றையும் பின்னணி நிறமெல்லாம் பார்த்துப் பார்த்துப் படத்துக்குள் வைத்திருந்தேன். பதிவில் எழுத்தாக எழுதியது ஒரே வரி: "அனைவரும் வருக!" அதைத்தான் ஃபோன் படித்தது. அப்புறம் "படம்" என்றது. நண்பர் சிரித்துக்கொண்டே, "எங்க வரணும்னு சொன்னா வந்துடுவேன்" என்றார்.

ஸ்கிரீன் ரீடர் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுப் பெயர்தான். அது பொதுவாகத் திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. திரையில் தெரிவதற்குப் பின்னால் எழுத்தாக என்ன இருக்கிறதோ அதை எடுத்துக் குரலாகச் சொல்கிறது, அல்லது விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் கருவிக்கு அனுப்புகிறது. பட்டனுக்குப் பெயர் வைத்திருந்தால் பெயரைச் சொல்லும், வைக்காவிட்டால் "பட்டன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். நம் கண்ணுக்கு அழகான எழுத்தாகத் தெரிவது படக்கோப்புக்குள் இருந்தால், அதற்கு அது எழுத்தே இல்லை, வெறும் நிறப்புள்ளிகள். அப்படியென்றால் நாம் போடும் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு வடிவம் இருக்கிறது: கண்ணுக்கு ஒன்று, அதற்கு அடியில் எழுத்தாக ஒன்று. முதலாவதுக்கு அரை மணி நேரம் செலவழிக்கிறோம். இரண்டாவது காலியாகவே போகிறது.

விநோதம் என்னவென்றால், தொழில்நுட்பம் இதில் பின்தங்கியே இல்லை. ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடர் 1989-இலேயே டாஸ் கணினிகளுக்கு வந்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏவை 2006-இல் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கிய மைக்கேல் கரன் பார்வையற்றவர். தொடுதிரை ஃபோன் வந்தபோது 'பட்டனே இல்லாத வழுவழுக் கண்ணாடியை இவர்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள்' என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. 2009-இல் ஐஃபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடர் வந்தது, அதே ஆண்டு ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் வந்தது, அந்தக் கவலையும் தீர்ந்தது. அன்றைய ட்விட்டரோ 140 எழுத்துக்குள் எழுத்தும் இணைப்பும் மட்டும். ஸ்கிரீன் ரீடருக்கு அதைவிட வசதியான இடம் அமையாது. பிறகுதான் நாம் எழுத்தையெல்லாம் கொண்டுபோய்ப் படத்துக்குள் போட ஆரம்பித்தோம். அறிவிப்பு படமாயிற்று, மேற்கோள் படமாயிற்று, மன்னிப்புக் கடிதம்கூட நோட்ஸ் செயலியின் ஸ்கிரீன்ஷாட் ஆகிவிட்டது.

இதற்கு மருந்து ஆல்ட் டெக்ஸ்ட் எனப்படும் மாற்று உரை. படத்துக்குப் பின்னால் ஒட்டிவைக்கும் விவரிப்பு. புதுச் சரக்கு இல்லை, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 1995-இல் வந்த 2.0 பதிப்பிலேயே படத்துக்கு மாற்றாக எழுத்து தரும் வசதி இருக்கிறது. ஆனால் ட்விட்டரில் 2016-இல்தான் வந்தது, அதுவும் அப்போது அமைப்புகளுக்குள் நுழைந்து தேடி முடுக்கினால்தான் எழுதவே இடம் கிடைத்தது. அதன் விளைவு: கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படம் உள்ள ட்வீட்டுகள் பத்து லட்சத்துக்கும் மேல் எடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்ட கணக்கில், விவரிப்பு இருந்தது வெறும் 0.1 சதவீதத்தில். ஆயிரம் படத்துக்கு ஒன்று. இன்ஸ்டாகிராமில் அந்த வசதி 2018-இல் வந்தது, இன்றும் பதிவு போடும் திரையில் கீழே ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது. வசதி இருக்கிறது என்பது வேறு, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது என்பது வேறு. பதிவு போடும் அவசரத்தில் நம்மில் எத்தனை பேர் அந்த மூலைக்குப் போவோம்?

ஃபேஸ்புக் இன்னொரு வழியில் போனது. 2016 ஏப்ரலில், இயந்திரமே படத்தைப் பார்த்து விவரிப்பு எழுதும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 'இந்தப் படத்தில் இருக்கலாம்: இரண்டு பேர், புன்னகை, வெளிப்புறம்' என்கிற பாணியில் வரும். அந்த 'இருக்கலாம்' முக்கியம், இயந்திரத்துக்கே அதில் முழு நிச்சயம் கிடையாது. 2019 ஜூலையில் ஒருநாள் ஃபேஸ்புக்கில் படங்கள் ஏறாமல் கோளாறு ஆனபோது, படம் இருக்க வேண்டிய இடத்தில் இந்த வாசகங்கள் மட்டும் தெரிந்தன. கண் தெரிந்தவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாக அதைப் பார்த்து 'இது என்ன, நம் படத்தையெல்லாம் இயந்திரம் இப்படியா பார்க்கிறது' என்று ஆச்சரியப்பட்டார்கள். பார்வையற்றவர்களுக்கு அது மூன்று வருடப் பழக்கம்.

'இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, அதுவே சொல்லிவிடுமே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டென்மார்க்கில் 2015-இல் தொடங்கிய பீ மை ஐஸ் செயலி, பார்வையற்ற ஒருவரை எங்கோ இருக்கும் தன்னார்வலரோடு வீடியோ அழைப்பில் இணைத்துவிடும். 2023-இலிருந்து அதிலேயே ஏஐ விவரிப்பும் கிடைக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. என் நண்பரும் பயன்படுத்துகிறார். ஆனால் அதற்கு ஒவ்வொரு படத்தையும் தனியாக எடுத்துக் கொடுத்துக் கேட்க வேண்டும், ஐம்பது பதிவு தள்ளுகிறவர் ஐம்பது முறை கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இன்னொன்று இதைவிடப் பெரியது. நீங்கள் அந்தப் படத்தை ஏன் போட்டீர்கள் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. 'கட்டடத்தின் முன் ஐந்து பேர் சிரித்தபடி நிற்கிறார்கள்' என்று அது சொல்லும். நடுவில் நிற்பவர் அன்றோடு ஓய்வு பெறுகிறார், அதற்காகத்தான் படமே என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, எப்படி எழுதுவது? ஒரே ஒரு படத்தை வைத்துப் பார்க்கலாம். இடித்துத் தள்ளிய பள்ளிக்கூடத்தின் வாசல், பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. 'ஸ்கூல் ஃபோட்டோ' என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். 'எங்கள் பள்ளியின் வாசல். கட்டடம் போய்விட்டது, பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது, அதிலும் பாதி எழுத்து உதிர்ந்திருக்கிறது' என்று எழுதினால் போதும், நீங்கள் படத்தைப் போட்டதற்கான காரணம் கேட்கிறவருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதே படத்தைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் போட்டால் அவர் சுவரின் தடிமனையும் செங்கல் அடுக்கிய முறையையும் எழுதுவார், அதுவும் சரிதான். 'படத்தில் உள்ளதையெல்லாம் எழுது' என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேகம் எத்தனை, செடி எத்தனை என்று ஒன்று விடாமல் எழுதிய ஒரு விவரிப்பை நண்பர் பாதியிலேயே தள்ளிவிட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

'இது ஒரு படம்' என்று ஆரம்பிக்க வேண்டாம், ஸ்கிரீன் ரீடரே "படம்" என்று சொல்லிவிட்டுத்தான் உங்கள் வரிக்கு வருகிறது. நிறத்தைச் சொல்லலாமா என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாகச் சொல்லலாம், பார்வையற்றவர்களில் பலர் ஒரு காலத்தில் பார்த்தவர்கள், கொஞ்சம் பார்வை மிச்சம் இருப்பவர்களும் உண்டு. படத்தில் எழுத்து இருந்தால் அந்த எழுத்தை அப்படியே முழுதாகக் கொடுங்கள், 'அறிவிப்புப் பலகை' என்று சுருக்கினால் என் கூட்டத்துக்கு நேர்ந்த கதிதான். நீளமாக இருக்கிறதென்றால் பதிவிலேயே போட்டுவிடுங்கள், கருத்துப் பகுதியில் போட்டால் நாற்பது 'வாழ்த்துகள்'களுக்கு அடியில் புதைந்துபோகும். ஆல்ட் டெக்ஸ்டுக்குள் நன்றி, விளம்பரம், ஹேஷ்டேக், ரகசிய ஜோக் எதையும் திணிக்காதீர்கள். மீம் என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். யார் படம், என்ன முகபாவம், மேல்வரி, கீழ்வரி என்று அதே வரிசையில் சொல்ல வேண்டும். பஞ்ச் கடைசியில் வர வேண்டும், முதலிலேயே 'இது இன்னாரைக் கிண்டல் செய்யும் மீம்' என்று போட்டு உடைத்துவிட்டால் அப்புறம் என்ன சிரிப்பு?

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று தனியாகச் சில சிக்கல்கள் உண்டு, ஆங்கிலக் கையேடுகளில் இவை வராது. தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதினால் ஃபோனில் உள்ள தமிழ்க் குரல் ஓரளவு சரியாகவே படிக்கும். ரோமன் எழுத்தில் எழுதினால் ஆங்கிலக் குரல் கையில் எடுத்துக்கொள்ளும். எம், ஏ, என் என்று மூன்று எழுத்தில் 'மண்' என்று எழுதுகிறீர்கள், அது "மேன்" என்று படிக்கும், ஆங்கிலத்தில் ஆண்பிள்ளை. மண் வாசனை 'மேன் வாசனை' ஆகிவிடும். நாம் பார்க்கும்போது 'மண்ணா, மானா' என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம், காதுக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. அரட்டையில் எப்படியோ போகட்டும், நாலு பேருக்குப் பயன்படும் செய்தியையாவது தமிழ் எழுத்தில் எழுதலாம்.

பழைய எழுத்துருக்கள் இன்னொரு தலைவலி. பாமினி போன்றவற்றில் கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், மேலே தமிழ் உருவம் மட்டும் போர்த்தியிருக்கும். அப்படித் தட்டச்சு செய்த பிடிஎஃப்பைப் பகிர்ந்தால் நமக்குத் தமிழாகத் தெரியும், ஸ்கிரீன் ரீடர் பொருளே இல்லாத ஆங்கில எழுத்துக் குவியலைப் படிக்கும். சோதிப்பது எளிது: ஒரு பத்தியை நகலெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள், தமிழாக வந்தால் அது யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை.

ஹேஷ்டேக்குக்கு ஆங்கிலத்தில் ஒரு நல்ல வழி சொல்வார்கள்: ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக வைத்தால் ஸ்கிரீன் ரீடர் பிரித்துப் படிக்கும். தமிழில் பெரிய எழுத்து ஏது? இரண்டு சொல்லுக்கு நடுவில் அடிக்கோடு போடுவதுதான் நமக்குள்ள வழி. #தமிழ்வழிக்கல்விவேண்டும் என்று ஒரே மூச்சில் எழுதுவதைவிட #தமிழ்வழிக்_கல்வி_வேண்டும் என்பது காதுக்கும் நல்லது, உண்மையைச் சொன்னால் கண்ணுக்கும் நல்லது. வாக்கியத்தின் நடுவே நாலைந்தைச் செருகாமல் கடைசியில் வைப்பது இன்னும் உத்தமம்.

ஈமோஜி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, ஸ்கிரீன் ரீடர் அந்தப் பெயரைச் சொல்லும். 'ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் முகம்' என்பது போல நீளமான பெயர்கள். ஒன்று போட்டால் சிரிப்பு. வரிசையாகப் பத்துப் போட்டுவிட்டு அதற்குப் பிறகு செய்தியை எழுதினால் அந்தச் சிரிப்பையெல்லாம் கேட்டு முடித்துத்தான் செய்திக்கு வர முடியும். சொல்லுக்குச் சொல் கைதட்டல் ஈமோஜி வைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதை ஒருமுறை குரலில் கேட்டால் ஜென்மத்துக்கும் செய்ய மாட்டீர்கள். அலங்கார ஆங்கில எழுத்துகளும் இதே ரகம். இணையத்தில் மாற்றி எடுத்து, பெயரை வளைவு எழுத்தில் போட்டுக்கொள்கிறார்களே, அவை எழுத்துருவே அல்ல. 2001-இல் யூனிகோடில் கணிதச் சமன்பாடுகளுக்காகச் சேர்த்த குறியீடுகள். ஸ்கிரீன் ரீடர் ஒன்று அவற்றை விட்டுவிடும், அல்லது 'கணிதத் தடித்த பெரிய எழுத்து' என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். ஸ்டைலாக வைத்த பெயரே காணாமல் போகிறது.

இதுவரை பார்வை பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், என் நண்பரால் வந்த சாய்வு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் குறிப்பிடத்தக்க மாற்றுத்திறனோடு வாழ்பவர்கள் 130 கோடி பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர். செவித்திறன் இழப்புக்கு மறுவாழ்வுச் சேவை தேவைப்படுகிறவர்கள் மட்டும் 43 கோடி. அவர்களுக்கு வீடியோதான் பிரச்சினை.

யூடியூப் 2009-இலேயே தானியங்கி சப்டைட்டிலைக் கொண்டுவந்தது, டிக்டாக்கும் இன்ஸ்டாகிராமும் 2021-இல் வந்து சேர்ந்தன. இயந்திரம் எழுதுவதை முதல் வரைவாக எடுத்துக்கொண்டு திருத்துவதில் தப்பில்லை. திருத்தாமல் விட்டால்தான் வம்பு, பெயர்களிலும் எண்களிலும்தான் அது அதிகம் சறுக்கும், படிப்பவருக்கு அதிகம் தேவைப்படுவதும் அவைதான். யார் பேசுகிறார் என்று போடுங்கள். கதவு தட்டும் சத்தத்தைக் கேட்டுத்தான் ஒருவர் திரும்பிப் பார்க்கிறார் என்றால் அடைப்புக்குள் அந்தச் சத்தத்தையும் எழுதுங்கள். எழுத்தைத் திரையின் அடிவரை கொண்டுபோகாதீர்கள், அங்கே செயலியின் பெயரும் பட்டன்களும் வந்து உட்கார்ந்துகொள்ளும். பார்வையும் செவியும் இரண்டுமே இல்லாதவர்கள் பிரெய்ல் கருவியில் படிப்பார்கள், வீடியோவின் மேலேயே பொறித்த சப்டைட்டில் அந்தக் கருவிக்குப் போகாது. அதனால் பேச்சின் எழுத்து வடிவத்தைப் பதிவிலும் சேர்த்துவிடுவது நல்லது.

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது, எனக்கு இதுதான் அதிக எரிச்சல். செய்முறை வீடியோ, பின்னால் இசை மட்டும், படிகளெல்லாம் திரையில் எழுத்தாக ஓடுகின்றன. பார்வையற்றவருக்குக் கிடைப்பது ஒரு நிமிட இசை. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். 'இப்போது இதை இங்கே மாட்டுகிறோம்' என்றால் புரியாது, அது எது, எங்கே என்று பெயர் சொல்ல வேண்டும்.

மின்னும் காட்சிகள் வேறு வகை ஆபத்து. மற்றவற்றில் செய்திதான் போய்ச் சேராது, இதில் உடம்புக்கே ஆகாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்து அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குப் போனார்கள். 2016-இல் கர்ட் ஐக்கன்வால்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு வலிப்பு நோய் இருப்பது தெரிந்தே ஒருவர் மின்னும் ஜிஃப் அசைபடத்தை ட்விட்டரில் அனுப்பினார், அவருக்கு வலிப்பு வந்தது. பிரிட்டன் 2023-இல் கொண்டுவந்த இணையப் பாதுகாப்புச் சட்டத்தில் இப்படிக் கெட்ட எண்ணத்தோடு அனுப்புவது தனிக் குற்றம். கெட்ட எண்ணமே இல்லாமல் நாம் போடும் மேடை விளக்கு வீடியோவும் அதே வேலையைச் செய்யும். ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பது, இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்ற அமைப்பின் இணைய அணுகல் வழிகாட்டியில் உள்ள விதி. வெட்டி எடுக்க முடியாவிட்டால் முதல் வரியிலேயே எச்சரிக்கை போடுங்கள், வீடியோ தானாக ஓடத் தொடங்கும் இடங்களில் எச்சரிக்கைக்கும் பெரிய பலன் கிடையாது.

அதே வழிகாட்டி, பின்னணிக்கும் சாதாரண அளவு எழுத்துக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்று இருக்க வேண்டும் என்கிறது. மஞ்சளில் வெள்ளை எழுத்து வேண்டாம் என்று புரிந்துகொண்டால் போதும். பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் தப்பு என்று நிறத்தை மட்டும் நம்பி வரைபடம் போடுவதும் அப்படித்தான், நிறக்குருடு உள்ள ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

தளங்களை நம்பி இருக்க முடியாது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2020 ஜூனில் ட்விட்டர் குரல் ட்வீட் வசதியைக் கொண்டுவந்தது, எழுத்து வடிவம் இல்லாமலே. காது கேளாதோர் கேள்வி கேட்டபோதுதான், அணுகல் வசதிக்கென்று முழுநேரக் குழுவே அங்கே இல்லை, ஊழியர்கள் தங்கள் வேலைக்கு நடுவே விருப்பத்தின் பேரில் பார்த்துவந்தார்கள் என்பது வெளியே வந்தது. சில மாதங்களில் குழு அமைத்தார்கள், அடுத்த ஆண்டு எழுத்து வடிவம் வந்தது, 2022-இல் படத்தின் மூலையில், அழுத்தினால் விவரிப்பைக் காட்டும் ஆல்ட் பட்டை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நிறுவனம் கைமாறியது, நவம்பரில் அந்தக் குழுவையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ட்விட்டர் போன்ற இன்னொரு தளமான மாஸ்டடானில் விவரிப்புக்கு 1500 எழுத்து இடமும், எழுத வேண்டும் என்று கேட்கும் பயனர்களும் உண்டு. சில சமயம் கொஞ்சம் அதட்டலாகவே கேட்பார்கள், அந்தத் தொனி எனக்குப் பிடிக்காது, ஆனால் பலன் தெரிகிறது.

என் நண்பரும் படம் போடுவார். பார்வையற்றவர் எதற்குப் படம் எடுக்க வேண்டும் என்று நானே ஒருகாலத்தில் நினைத்திருக்கிறேன். எல்லோரும் எதற்கு எடுக்கிறார்களோ அதற்குத்தான். போன மாதம் அவர் போட்ட ஒன்றின் ஆல்ட் பட்டையை அழுத்திப் பார்த்தேன். இப்படி எழுதியிருந்தார்: "மகள் எடுக்கச் சொன்னாள், எடுத்தேன். கடல் என்கிறாள். அலை காலை நனைத்தது, அதனால் நம்புகிறேன். இடது ஓரத்தில் என் விரலும் விழுந்திருக்கிறதாம்."